அப்பாவின் கேசட்டுகளை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு



அப்பாவோ தாத்தாவோ சேர்த்து வைத்த கேசட் பெட்டியைத் தூக்கிப் போடவும் மனம் வராமல், என்ன செய்வதென்றும் தெரியாமல் பரணில் ஏற்றி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இந்த மடல். மகனோ மகளோ மருமகளோ பேத்தியோ, பெட்டி இப்போது யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுக்கு. கம்ப்யூட்டரை மையமாக வைத்து வீட்டில் நன்றாகப் பாட்டு கேட்க ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். எந்த ஸ்பீக்கர் வாங்கலாம், எந்த ஆம்ப் நல்லது என்றுதான் முதல் கேள்வி வருகிறது. அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். ஸ்பீக்கர் அடுத்த வருடமும் கடையில் கிடைக்கும். பெட்டிக்குள் இருக்கும் கச்சேரி அடுத்த வருடம் ஓடும் என்று சொல்வதற்கில்லை. அன்றைக்கு வயலின் வாசித்தது யார் என்று சொல்லத் தெரிந்தவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பீர்கள். பெட்டியை இறக்கிப் பிரித்துப் பாருங்கள். கடையில் வாங்கிய கேசட்டுகள் ஒரு பங்கு. அவற்றில் பெரும்பாலானவை வேறு வடிவில் இன்றும் கிடைக்கும், அவசரமில்லை. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, புது டிடிகேயிலோ சோனியிலோ பதிவு செய்து வாங்கியவை இன்னொரு பங்கு. அந்தப் பாட்டுகளும் கிடைப்பவையே. ஆனால் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்ற வரிசை உங்கள் அப்பாவுடையது. அதற்கு ஒலியைப் பிரதி எடுக்கத் தேவையில்லை. லிஸ்ட்டைப் படம் பிடித்துக்கொண்டு, அதே வரிசையில் நல்ல பிரதிகளை அடுக்கிக்கொண்டால் போதும்.

மூன்றாவது பங்குதான் உயிர். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தொண்ணூறுகள் முடியும்வரை ரேடியோவும் டேப்பும் சேர்ந்த வீட்டு டூ-இன்-ஒன்னில் பதிவானவை. சனிக்கிழமை இரவு வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சியில் வந்த கச்சேரி. சபாவில் அனுமதி வாங்கி மடியில் வைத்துப் பதிவு செய்தது. சித்தப்பா கல்யாணத்தில் நடந்த கச்சேரி. ஊர்த் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது வாசித்த மல்லாரி. நவராத்திரி கொலுவில் பாட்டி பாடிய பாட்டு. நாதஸ்வரக்காரர்களில் எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க வாசித்தும் ஓர் இசைத்தட்டுகூட வெளியிட்டதில்லை. அவர்களுடைய வாசிப்பு எங்காவது மிஞ்சியிருந்தால், அது இப்படிப்பட்ட ஒரு பெட்டியில்தான் மிஞ்சியிருக்கும். ஆகவே வேலையை இந்தப் பங்கிலிருந்து தொடங்குங்கள். மற்றவை காத்திருக்கட்டும்.

கேசட் எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சு உதிர்ந்துவிடும், சத்தம் மங்கிப்போகும். அப்போது நாடா கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள். திருகாணி போட்ட வேறொரு கேசட்டின் கூட்டைத் திறந்து, உருளைகளை அதற்குள் மாற்றினால் பாடும். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படிப்பட்டதை நல்ல கேசட் டெக்கில் போடாதீர்கள்; நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். தனியே பிரித்து வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். தொண்ணூறு நிமிட நாடா அறுபது நிமிட நாடாவைவிட மெல்லியது, நூற்றிருபது அதைவிட மெல்லியது. வருடக்கணக்கில் ஓடாமல் கிடந்த கேசட்டை முதலில் ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றி இளக்கிவிட்டுப் பிறகு ஓட விடுங்கள்.

டெக் நன்றாக இருக்க வேண்டும். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய முதலீடு கிடையாது. பழைய டூ-இன்-ஒன்னில் எடுத்தால் அதன் குறைகள் எல்லாம் பிரதியில் நிரந்தரமாக ஏறிவிடும். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் பழைய டெக்கைச் சரிபார்த்துக் கொடுக்கத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள். பெல்ட்டை மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் தொய்ந்திருக்கும், சில சமயம் தாராக உருகியிருக்கும். ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். பிறகு, கெட்டாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஹெட்டின் சாய்வு. நாடா ஓடும் திசைக்கு ஹெட்டின் இடுக்கு நேர்ச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிவு செய்த மெஷினில் அது ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால், நேராக இருக்கும் உங்கள் டெக்கில் அந்தக் கேசட் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஓர் இடத்தில் ஜால்ராவின் ஓசையும் ‘ஸ’ என்ற எழுத்தும் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். எந்த மென்பொருளாலும் பிற்பாடு கொண்டுவர முடியாத தெளிவு இது. வீட்டில் பதிவான ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்வது சலிப்பூட்டும் வேலைதான். செய்யாமல் விட்டுவிடாதீர்கள்.

வேகம் கர்நாடக இசைக்காரர்கள் விடவே கூடாத விஷயம். கேசட் வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். டெக் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் ஒரு கட்டை சுருதியில் பாடியவர் ஒன்றரைக் கட்டையில் பாடுவார். காலப்பிரமாணமும் கூடவே மாறும். அதைக் கேட்டு வளரும் பிள்ளை, அந்த வித்வான் அவ்வளவு துரிதமாகப் பாடினார் என்றே நம்பிவிடும். பாடியவரின் வழக்கமான சுருதி உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு சுருதிப் பெட்டியை வைத்துச் சரிபாருங்கள். தவறியிருந்தால் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. சுருதியை மட்டும் மாற்றும் வசதியைத் தொடாதீர்கள். சுருதியும் காலமும் சேர்ந்தே தவறின. சேர்த்தே திருத்த வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள் ஒலி போகும் வழி இன்னொரு இடறல். லேப்டாப்பில் இருக்கும் ஒற்றை ஓட்டை ஹெட்செட் மைக்குக்கானது. டெக்கை அதில் செருகினால் சத்தம் கரகரக்கும், ஸ்டீரியோவும் கிடைக்காது. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு உள்ளீடு கொண்ட யுஎஸ்பி ஆடியோ பெட்டி ஒன்று வாங்குங்கள். விலை குறைந்ததே போதும். அளவை வைக்கும்போது ஆலாபனையைக் கேட்டு வைக்காதீர்கள். தனி ஆவர்த்தனத்தின் உச்சத்துக்கு ஓட்டி, அங்கே மீட்டர் பூஜ்யத்துக்கு ஆறு டெசிபெல்லாவது கீழே நிற்கும்படி வையுங்கள். மிருதங்கத்தின் மோரா ஒருமுறை மேலே முட்டி உடைந்தால் அந்தப் பிரதியில் அது உடைந்ததுதான். நாடாவை மறுபடியும்தான் ஓட்ட வேண்டும்.

சிடியின் அளவான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் கேசட்டுக்குத் தாராளம். சாதாரண கேசட்டில் பதினைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது. 192 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் நாடாவின் இரைச்சல்தான் அதிக நுட்பமாகப் பதிவாகும். எடுத்ததை ஃபிளாக் என்ற வடிவில் வையுங்கள். 2001இல் வந்தது, யாருக்கும் உரிமைக் கட்டணம் கிடையாது, ஒரு துளிகூட இழக்காமல் சுருக்கும். தொண்ணூறு நிமிடக் கேசட் சுருக்காமல் ஏறக்குறைய 950 எம்பி வரும். ஃபிளாக்கில் சுமாராக அதில் பாதி. ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரத்து ஐந்நூறு கேசட்டுக்கு மேல் அடங்கும். இடம் போதாது என்று எம்பி3யாக மாற்ற வேண்டிய காலம் போய்விட்டது. ஃபோனில் கொண்டுபோக எம்பி3 வேண்டுமானால் ஃபிளாக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எம்பி3யிலிருந்து திரும்பி வர வழியில்லை. ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று விற்ற எம்பி3 சிடிகள் உங்களிடம் இருந்தால் அவற்றை ஃபிளாக்காக மாற்றி ஏமாறாதீர்கள். போனது போனதுதான்.

இரைச்சலை நீக்கும் கருவியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பாட்டு இல்லாத ஓர் இடத்தைக் காட்டி, இதுதான் இரைச்சல், இதைக் கழித்துவிடு என்று சொன்னால் அது கழித்துத் தரும். கச்சேரியில் பாட்டு இல்லாத இடத்தில் என்ன கேட்கிறது? தம்புரா. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதால் கருவி தம்புராவையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். கழித்த பிறகு பாடகர் வெட்டவெளியில் நின்று பாடுவார். ஆகவே மூலப் பிரதியை எதுவும் செய்யாமல் அப்படியே வையுங்கள். சுத்தம் செய்து பார்க்க ஆசையிருந்தால் வேறு பிரதியில் செய்யுங்கள். கைதட்டலும் இருமலும், நடுவில் யாரோ ‘பலே’ என்பதும் இருக்கட்டும். சில கேசட்டுகளில் அந்தக் குரல் உங்கள் தாத்தாவுடையதாக இருக்கும். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் கேசட்டைத் திருப்பிப் போட்டதால் ஆலாபனை அறுந்திருக்கும். ஒட்டவைத்து மறைக்காமல் அறுந்த இடத்தைக் குறிப்பில் எழுதி வையுங்கள்.

சிடிகளுக்கு வேலை குறைவு. எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் எடுங்கள். அதே சிடியை மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சரியா தவறா என்று அதுவே சொல்லிவிடும். கடையில் அச்சான சிடியைவிட வீட்டில் எரித்த சிடி சீக்கிரம் கெடும்; அதை முதலில் எடுங்கள்.

இனி, எல்லோரும் தள்ளிப்போடும் வேலைக்கு வருகிறேன். பெயர் எழுதுவது.

ஆயிரம் ஃபைல்களும் ‘ட்ராக் 01’ என்று இருந்தால் பரணில் இருந்த பெட்டி ஹார்ட் டிஸ்க்குக்கு மாறியது, அவ்வளவுதான். பாட்டுக்கான மென்பொருள்கள் எல்லாம் மேல்நாட்டு ஆல்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பாடகர், ஆல்பம், பாட்டு, முடிந்தது. ஒரு கச்சேரிக்கு அது எப்படிப் போதும்? பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் அல்லது கஞ்சிரா, எந்த சபா, எந்த வருடம். ஒவ்வோர் உருப்படிக்கும் ராகம், தாளம், இயற்றியவர், நிரவல் எந்த வரியில். ஃபிளாக் ஃபைலில் உங்கள் விருப்பப்படி எத்தனை தலைப்புகள் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். தலைப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். அதற்குள் எழுதுவது முழுக்கத் தமிழிலேயே இருக்கலாம். ஃபூபார்2000 போன்ற மென்பொருள் அந்தத் தலைப்புகளை வைத்தே தேடித் தரும். ராகத்துக்கு ஒரு தலைப்பு வைத்துவிட்டால், வீட்டில் இருக்கும் தோடிகள் எல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நிற்கும். ஐந்து வித்வான்கள், ஐந்து தோடிகள், ஒரே மாலையில். நம் பெற்றோருக்கு வாய்க்காத வசதி அது.

தமிழில் எழுதுங்கள் என்று சொல்வதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தோடியை இரண்டு விதமாகவும் இளையராஜாவை நான்கு விதமாகவும் எழுதுகிறோம். தேடும்போது ஒரு விதத்தில் எழுதியவை மட்டும் வரும், மற்றவை ஒளிந்துகொள்ளும். தமிழிலும் ‘த்யாகராஜர்’, ‘தியாகராஜர்’ என்று இரண்டு உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அதையே கடைப்பிடியுங்கள். திரைப்பாட்டுக்கு இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர், படம், வருடம் ஐந்தும் வேண்டும். பாடலாசிரியரை ஆப்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நீங்கள் விடாதீர்கள்.

இந்த விவரங்கள் எங்கே இருக்கின்றன? கேசட் அட்டையில் அப்பாவின் கையெழுத்தில் கொஞ்சம். மீதி அவர் நினைவில். அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் பிடித்து அந்தந்த ஃபோல்டரிலேயே போடுங்கள். அப்பா இருக்கிறார் என்றால் ஒரு மாலை நேரம் கேசட்டை ஓடவிட்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். பாட்டு ஓட ஓட அவரே சொல்வார்: இது இன்னாருடைய வயலின், அன்றைக்கு மழை, கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம். அவர் பேசுவதை ஃபோனில் பதிவு செய்து அதையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். அவர் இல்லை என்றால் அவரோடு சபாவுக்குப் போன நண்பர் யாராவது இருப்பார், தேடுங்கள். டெக் ரிப்பேருக்கு ஆள் கிடைக்காமல் போக இன்னும் சில வருடங்கள் ஆகலாம். விவரம் சொல்லத் தெரிந்தவர்கள் அதுவரை இருப்பார்கள் என்று காத்திருக்கக் கூடாது.

இதற்குப் பிறகு கேட்கும் ஏற்பாடு எளிது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப் போதும். கரண்ட் செலவும் விசிறிச் சத்தமும் வேண்டாம் என்றால் உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர். அதில் நேவிட்ரோம், லிரியான் போன்ற இலவச சர்வர் மென்பொருள் ஒன்றைப் போட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா ஃபோனிலும் உங்கள் தொகுப்பு வந்துவிடும். ராகம் தானம் பல்லவியைத் துண்டுகளாகப் பிரித்த சிடிகள் இருக்கின்றன. தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் அரை நொடி மௌனம் விழுந்தால் கச்சேரியே அறுந்துபோகும். இடைவெளி இல்லாமல் தொடர்ந்து ஒலிக்கிறதா என்பதை முதலில் சோதித்துவிட்டு அப்புறம் ஓர் ஆப்பைத் தேர்ந்தெடுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர் யாரையும் கூப்பிடாமல் விடியற்காலையில் தானே ஒரு பாட்டைப் போட முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் ஏற்பாடு முடியவில்லை என்றே பொருள்.

மாதக் கட்டண ஆப்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுப் பாட்டு கேட்க அவை நல்லவை. ஆனால் கூகுள் பிளே மியூசிக் 2020இல் மூடப்பட்டது; விங்க் மியூசிக் 2024இல் மூடப்பட்டது. அவற்றில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டியல்களைப் பலர் வேறிடம் தேடி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் பாட்டி பாடியதோ எந்த ஆப்பிலும் எப்போதும் இருந்ததில்லை.

ஸ்பீக்கரை இப்போது வாங்கலாம். ஆம்ப் உள்ளேயே இருக்கும் நடுத்தர அளவு ஜோடி ஒன்றும், லேப்டாப்பின் இரைச்சலைத் தவிர்க்கச் டிஜிட்டலை ஒலியாக மாற்றும் சின்ன யுஎஸ்பி டாக் ஒன்றும் போதும். விலையுயர்ந்த யுஎஸ்பி கேபிள் ஒலியை மாற்றாது. ஹோம் தியேட்டர் செட்டின் ஊஃபர் மிருதங்கத்தின் தொப்பியைக் குழப்பிவிடும். நம் கச்சேரிக்கு அது தேவையில்லை. பணத்தைவிட அறையைப் பற்றி யோசியுங்கள். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை, இதுதான் நம் வீடு. சத்தம் எங்கும் பட்டுத் தெறிக்கும். தரையில் கனமான பவானி ஜமக்காளம், சன்னலில் தடித்த திரை, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி: இந்த மூன்றும் தரும் மாற்றத்தை இரு மடங்கு விலையுள்ள ஸ்பீக்கர் தராது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, காது மட்டத்தில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்கள் உட்காரும் இடமும் சம முக்கோணமாக இருக்கட்டும். ஃபேனைக் குறையுங்கள். ‘ஊம்’ என்று ஒரு முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இணைப்பில் சிக்கல் இருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யுங்கள். முனகலை நிறுத்த எர்த் பின்னை உடைக்கும் வழக்கம் உயிருக்கே ஆபத்து.

ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நிற்கும். ஒரே டிஸ்க்கில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். வீட்டில் இரண்டு, வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ ஒன்று என்று மூன்று பிரதிகள் வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளம் முழுக்க மூழ்கிய வீடுகளில் ஒரே அறையில் இருந்த எல்லாம் சேர்ந்தே போயின. வருடத்துக்கு ஒருமுறை மூன்று டிஸ்க்கையும் இணைத்து, ஓரிரண்டு ஃபைலைக் கேட்டுப் பாருங்கள். பிரதி எடுத்த பிறகும் நாடாவை எறியாதீர்கள். உலர்ந்த இடத்தில் நிற்க வைத்து அடுக்குங்கள்.

கடைசியாக ஒன்று. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் ஏற்றிவிடுவது வேறு விஷயம். அதற்குக் கலைஞரின் அல்லது அவர் குடும்பத்தின் அனுமதி வேண்டும். அந்தக் குடும்பங்களில் பலவற்றில், வாசித்தவரின் ஒரு பதிவுகூட இல்லை. தாத்தா வாசித்துக் கேட்டறியாத பேரப்பிள்ளைகள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றும் நாதஸ்வரம் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் அப்படி ஒருவருடைய வாசிப்பு இருந்தால், அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பெண் டிரைவில் போட்டுக் கொடுங்கள். உங்கள் அப்பா பதிவு செய்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போன்ற ஒரு ரசிகர்